அத்தைக்கு மறைத்த முந்திரிப் பூ

எங்கள் ஊரில் கையில் கயிறு கட்டினால் அதற்குப் பெயர் காப்பு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் இரண்டாம் வகுப்பையே முடிக்கப் போகிறவள். ஆகவே இதில் கரை கண்டவள்.

அப்பாவின் தங்கை பல்கேரியாவில் டாக்டருக்குப் படித்தாள். செமஸ்டர் லீவில் உடையார்பாளையம் வந்திருந்தவள், மார்ச் முதல் தேதி காலையில் எங்கள் எல்லோர் கையிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டினாள். தன் கையில் என்னைக் கட்டச் சொன்னாள். அந்த ஊரில் மார்ச் மாதம் என்பது ஒரு கோபக்காரக் கிழவியாம். இந்த நூலைக் கண்டால் சிரித்துவிடுவாளாம், குளிர் ஓடிவிடுமாம். எங்கள் ஊரில் அன்றைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஓட்டுவதற்குக் குளிர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

“எப்ப அத்தை இத அவுக்கணும்?”

“நாரையப் பாத்தா அவுக்கலாம். இல்ல, பூத்த மரத்தப் பாத்தா. அந்த மரத்துலயே கட்டிட்டு எதாவது வேண்டிக்கணும்.”

என் மூளை வேலை செய்தது. அவள் அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவள். பூவைப் பார்க்காவிட்டால் காப்பு அவிழாது. காப்பு அவிழாவிட்டால் எல்லை தாண்ட முடியாது. அத்தை எங்களோடேயே இருந்துவிடுவாள். நாரை வரும் ஏரி நல்லவேளையாகத் தொலைவில் இருந்தது. ஆனால் கொல்லையைத் தாண்டினால் முந்திரிக் காடு. மார்ச்சில் அது பூக்காமல் என்ன செய்யும்?

கொல்லைப்பக்க ஜன்னல்களைச் சாத்தினேன். எட்டிய கிளைகளில் பூவை உருவினேன். “பூவப் பூரா உருவிட்டா கொட்ட எங்கடி காய்க்கும்?” என்று அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள். அத்தை துணி காயப்போடப் போனால் முதுகில் தொற்றிக்கொண்டு அவள் கண்ணைப் பொத்தினேன். “இந்த வருசம் ஒரு மரமும் பூக்கல போலருக்கே பாப்பா” என்பாள். அவ்வளவு படித்தவளை ஏமாற்றிவிட்டேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டார்கள். நல்லா இருக்கு என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

கிளம்பும் நாளில் பெட்டி காரில் ஏறியது. நான் வாசலை மறித்தேன்.

“காப்பு இன்னும் அவுக்கல. அத்தை போவக் கூடாது.”

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

“புள்ள சொல்றால்ல... இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறேண்ணே.”

அப்பாவின் சிரிப்பு நின்றது. “டிக்கெட் போட்டாச்சு, கிளாஸ் ஆரம்பிச்சிரும். அவகூடச் சேந்து நீயும் வெளையாடாத. கெளம்பும்மா.”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். முந்திரி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அட, பூத்திருக்கே” என்றாள். நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டிவிட்டு, கண்ணை மூடி நின்றாள். திறந்தபோது கண் நனைந்திருந்தது. எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. “ஏன் பாத்த? ஏன் அத்தை பாத்த?” என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள்.

கார் போன பிறகும் வெகுநாள் அவளிடம் போனில் பேச மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். நான் அத்தனை பாடுபட்டும், எங்களை விட்டுப் போவதற்காகவே பூவைத் தேடிப் போய்ப் பார்த்தாள் என்று நினைத்தேன். பூத்த முந்திரிக் காட்டின் வாசம் சாத்திய ஜன்னலுக்கு நிற்காது என்பதும், அந்த வாசத்துக்குள் ஒரு வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவளுக்கு என்னைவிட அதிகமாக இங்கேயே இருக்க ஆசையாக இருந்தது என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.