றமீஸாவின் வாக்கு: தேர்தல் நாளில் ஆலங்குடாப் பக்கம்

போன தேர்தல் நாளில் ஆலங்குடாப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு சந்தேகம். அங்குள்ள சிறு கிராமம் ஒன்றில் முன்பு தேர்தல் கடமை செய்த தோழி, "பகல் சாப்பாட்டுக்கு முன்னமே கிட்டத்தட்ட எல்லாரும் வோட் போட்டு முடிச்சிடுவாங்க" என்றாள். நோயாளி, கடலுக்குப் போனவர், வெளிநாட்டில் இருப்பவர் எவருமே இல்லாத ஊரா? நான் நம்பவில்லை. வீடு மாறியதில் வாக்காளர் இடாப்பிலிருந்து என் பெயர் விடுபட்டிருந்தது. கொழும்பில் எனக்கு அன்று வேலையும் இல்லை. ஊரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் பிற்பகல் 1.40க்குக் கொழும்பில் புத்தளம் பஸ் ஏறி, 5.50க்குப் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். கட்டணம் 620 ரூபா. அங்கிருந்து கற்பிட்டி பஸ்ஸில் இன்னும் ஐம்பது நிமிடம். ஆலங்குடாக் கடற்கரை விடுதியில் காலைச் சாப்பாட்டுடன் அறை 5,500. மறுநாள் காலை 6.30க்குக் கற்பிட்டிக் கோட்டைவரை போய்வர, விடுதிக்காரர் 4,000 ரூபாவுக்கு முச்சக்கரவண்டி பேசித் தந்தார். போகிற வழியில் அந்தக் கிராமத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

சாரதி நிஸ்தார் வந்தபோது 7.10. பின் இருக்கையில் அவருடைய மனைவி றமீஸா இருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். இவங்கள வோட் போட வெச்சிட்டுப் போவம். வழியிலதான் ஸ்கூல்."

எனக்கு வசதியாகப் போயிற்று. வெங்காயப் பாத்திகளைத் தாண்டும்போது நிஸ்தார் திரும்பாமலே, "வோட் காட்டத் தாங்க, நான் வெச்சிக்கிறன்" என்றார்.

"தேவல்ல" என்ற றமீஸா கைப்பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"போன முறை நான் போகக்குள்ள என்ட பேருல கோடு கீறி இரிந்திச்சு மிஸ். பிள்ளப் பெத்து ஆஸ்பத்திரியால அண்டைக்குத்தான் வந்த. கைப்பிள்ளயோட லைன்ல நிண்டன். நீங்க காலையிலயே போட்டுட்டீங்க எண்டாங்க. சனமெல்லாம் என்னயக் கள்ளி மாதிரிப் பாத்திச்சு. வாப்பாக்கள் மன்னாரால அகதியா வந்தவங்கதானே. கேக்க ஆளில்ல எண்டு நெனச்சிருப்பாங்க."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடசாலையிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடை. றமீஸா வரிசைக்குப் போனதும் நான் கொப்பியை எடுத்து, போகிற வருகிற ஆட்களை எண்ணத் தொடங்கினேன். அது பிழை. ஐந்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார்.

"எந்தக் கட்சிக்கு எழுதுறீங்க?"

"ஊர் பார்க்க வந்தனான்."

"ஸ்கூல் கேட்டப் பாக்கவா கொழும்புல இரிந்து வந்தீங்க?"

"என்ட ஹயர்ல வந்த ஆள், நானா" என்று அண்ணன் முறை சொல்லி நிஸ்தார் இடையில் புகுந்தார். வந்தவர் முச்சக்கரவண்டியின் இலக்கத்தகட்டைப் படமெடுத்துக்கொண்டு போனார். கொப்பியை மூடினேன். அதற்குப் பிறகு எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம், நிஸ்தார் உட்பட.

"அந்த முறை அவங்கட காட் யாரிட்ட இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பாடசாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் மிஸ் குடுத்த. அண்டைக்குக் கட்சிக்காரங்களுக்கு வண்டி ஓட்டம் ஓடினன். ஆஸ்பத்திரில இரிக்கிற ஆள்ட வோட் சும்மா போகுது, தா எண்டாங்க. காட்டையும் ஐடென்டியையும் குடுத்தன். பத்து மணிக்கெல்லாம் திருப்பித் தந்துட்டாங்க. அண்டைக்கே ஆஸ்பத்திரில டிக்கட் வெட்டி விட்டு வீட்ட வருவா எண்டு கனவுலயும் நெனக்கல்ல."

"அவங்களிட்டச் சொல்லேல்லையா?"

"எப்பிடிச் செல்லுற? பிள்ளயத் தூக்கிக்கொண்டு அழுதழுது வந்தவ."

8.25க்கு றமீஸா வந்தார், சின்ன விரலில் மையோடு. யாரும் மறிக்கவில்லையாம்.

"ஆருக்குப் போட்ட?" என்று நிஸ்தார் கேட்டார்.

"போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான்.

வீடு மூன்று நிமிட ஓட்டம். நிஸ்தார் வண்டியைத் திருப்பப் போனபோது, றமீஸா தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டி, "உங்கக்கிட்டச் செல்லிட்டாரு, என்ன?" என்றார். நான் போத்தலை வாங்கிக்கொண்டேன்.

"அண்டைக்கே எனக்குத் தெரியும் மிஸ். ஐடென்டிய நான் அலுமாரில துணிக்குக் கீழதான் வெக்கிற. வந்து பாக்கக்குள்ள மேல கிடந்திச்சு. அவராச் செல்லட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் நிஸ்தார் இரண்டு தடவை கேட்டார், "அவ என்ன செல்லிச்சு மிஸ்?"

"தண்ணி வேணுமா எண்டு கேட்டவ" என்றேன். பொய் சொன்ன கூச்சத்தில் கோட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதாததற்கு மன்னிக்கவும்.

தேர்தல் நாளில் இந்தப் பக்கம் போகிறவர்கள் பகலுணவை விடுதியிலேயே சொல்லி வையுங்கள்; கடைகள் பாதி பூட்டு. பஸ்ஸும் குறைவு, திரும்பும்போது பாலாவியில் ஒன்றேகால் மணித்தியாலம் நின்றேன். வாக்களிப்பு நிலையத்துக்கு அருகில் கொப்பி, கமரா எதையும் எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து செய்தி கேட்டேன். அந்தப் பகுதியில் இம்முறை வாக்களிப்பு குறைவாம், மக்களுக்குத் தேர்தலில் அலுப்புத் தட்டிவிட்டதாம். இருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ, இம்முறை அந்தக் கிராமத்தில் வந்தவர்கள் மட்டும்தான் வாக்களித்திருக்கிறார்கள் என்று படுகிறது.