நான் வெட்டிய நான்கு கையெழுத்துகள்

போன வருஷம், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு, மலேசியாவில், கிள்ளானில் உள்ள என் படக்கடையில் நடந்தது இது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரு ஓரத்தில் ஒரு மேசையோடு தொழிலைத் தொடங்கியவன். ஆனால் சாமிப் படத்துக்குச் சட்டம் போடுவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அளவுகோல்கூட வேண்டாம், கண்ணாலேயே நேராக வெட்டுவேன்.

பக்கத்துத் தெருவில் சீனக் கணவரோடு மீ நூடுல்ஸ் கடை நடத்தும் வியட்நாமியப் பெண் ஒரு படம் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் படையோடு நடந்த ஓவியராம் அவர் அப்பா. அவர் வரைந்த படம். போர் என்றார், ஆனால் படத்தில் சண்டையே இல்லை. ஒரு ஆறு, வாழைமரங்கள், படகுக்குக் காத்திருக்கும் நான்கு பேர். துப்பாக்கிகள் பக்கத்து மரக்கிளையில் தொங்க, ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் முடித்துவிட்டேன்; அவர் வாங்க வந்தது மேலும் மூன்று நாள் கழித்து. அவர் பார்த்துவிட்டு, அடியில் இருந்த எழுத்து எங்கே என்று மலாயில் கேட்டார். வெட்டிட்டேன், இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றேன் பெருமையாக. நாள்காட்டி சாமிப் படங்களின் அடியில் மளிகைக்கடை விளம்பரம் இருக்குமே, அதை வெட்டிப் பழகிய கை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வரைந்த அன்று அந்த நான்கு பேரும் தங்கள் கையாலேயே போட்ட கையெழுத்தாம். ஒருவரும் வீடு திரும்பவில்லை. அழகான அட்டையில் புதிதாக எழுதி ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"பேரெல்லாம் எனக்கே தெரியும் அங்கிள். அவங்க கை வேணும்."

வெட்டிய துண்டுகளை நான் வீசுவதில்லை. படம் ஆடாமல் இருக்க, மடித்து அடுத்த சட்டத்தின் பின்னால் சொருகிவிடுவேன். அடுத்து நான் முடித்தது போர்ட் கிள்ளான் ஆன்டி ஒருவரின் முருகன் படம். அந்தப் பெண்ணையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே முருகன் மாலையோடு சாமியறையில் இருந்தார். விளக்கு எரிந்தது.

"பூஜை பண்ணின படத்த இறக்கச் சொல்றீங்களா, அண்ணே?" என்றார் ஆன்டி.

முருகன் ஒன்றும் நினைக்க மாட்டார், நான் பொறுப்பு என்றேன்.

"ஏன், அவர் உங்க கூட்டாளியா?"

வேறு வழியில்லாமல் நான் செய்த தவறை முழுசாகச் சொன்னேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அந்தப் பெண்ணை ஆன்டி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கும்பிட்டு, தானே படத்தை இறக்கிக் கொடுத்தார். பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துண்டு இருந்தது, நடுவில் மடிப்போடு.

அந்தப் பெண் நான்கு பெயர்களையும் மெதுவாக வாசித்தார். அவர்கள் யார் என்று ஆன்டி கேட்டார், சொன்னேன்.

"அப்ப ரெண்டு நாளா இவங்களுக்கும் சேர்த்துத்தான் தீபம் காட்டியிருக்கேன்" என்றார் ஆன்டி.

கைத்திறமையில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு வரி, யாரோ ஒருவர் இந்த உலகத்தில் விட்டுப்போன கடைசி அடையாளமாக இருக்கலாம் என்ற நினைப்பு வராமல், அன்றிலிருந்து நான் கத்தியை எடுத்ததே இல்லை.