நாற்பதாவது ஆள்

எங்க அண்ணனுக்கு ஊர்ல வெச்ச பேர் மீட்டர். தண்ணி மீட்டர் படிக்கிற வேலை. ஒரு நாளைக்கு எண்பது வீடு ஏறி இறங்கணும். குனிஞ்சு மூடியைத் திறந்து, கண்ணாடியில படிஞ்ச சேத்தைத் துடைச்சு, எண்ணைப் படிச்சு, வீட்டுக்காரங்க கையில அட்டையைக் கொடுக்கணும். இருபத்திரண்டு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு, இப்ப நேரா நிக்கச் சொன்னாலும் லேசா வளைஞ்சுதான் நிக்கிறான்.

அட்டையோட சேர்த்து இன்னொரு காகிதமும் கொடுப்பான். 'ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, நூலக மாடியில் சதுரங்கப் போட்டி. ஆண், பெண், சிறியவர், பெரியவர், அனைவரும் வரலாம்.' எழுதினது நான்தான். பல் டாக்டர்கிட்ட டோக்கன் எழுதற வேலை எனக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. அந்தக் கையெழுத்தால எனக்கு வந்த வினையைத்தான் சொல்லப் போறேன்.

"உங்க வீட்ல யாராவது செஸ் ஆடுவாங்களா?"ன்னு வாசலுக்கு வாசல் கேப்பான். ஒரு அம்மா, "குழாய்ல தண்ணி வரல, இதுல செஸ் ஒண்ணுதான் குறைச்சல்"னு கதவைச் சாத்தினாங்களாம். இன்னொருத்தர் ஆபீசுக்கே புகார் எழுதிப் போட்டாரு. மேலதிகாரி கூப்பிட்டு, "நீ மீட்டர் பாக்கப் போறியா, மாப்பிள்ளை பாக்கப் போறியா?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்காரு. மறுநாளும் காகிதத்தோடதான் கிளம்பினான். அண்ணி தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பதினோரு வருஷமா நடத்தறான். பதினோரு வருஷமும் வாசல்கிட்ட மேசை போட்டு, வர்றவங்க பேரை எழுதி, யாருக்கு யாரோட ஆட்டம்னு ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியல் போட்டு, முடிஞ்சதும் புள்ளி குறிச்சது நான். ஒரு தடவைகூட, "நீயும் ஆடறியா?"ன்னு என்னைக் கேட்டதில்ல.

நான் ஆடுவேன். நல்லாவே ஆடுவேன். எனக்குப் பதிமூணு வயசு இருக்கிறப்ப அவனை வரிசையா மூணு ஆட்டம் ஜெயிச்சேன். மூணாவது ஆட்டம் முடிஞ்சதும் தலைவலின்னு பலகையை மடிச்சு அலமாரி மேல வெச்சான். அந்தத் தலைவலி இன்னிக்கு வரைக்கும் தீரல. நான் போன்ல முகம் தெரியாதவங்களோட ஆடிக்கிட்டிருக்கேன். எதிர்ல ஒரு மனுஷனை உட்கார வெச்சு, காயைக் கையால எடுத்து, கடிகாரத்தைத் தட்டி, ஒரே ஒரு போட்டி ஆடணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்தான். வீடு வீடாப் போய்க் கெஞ்சறவன், வீட்டுக்குள்ள இருக்கிறவளைத் தானாக் கேக்கட்டுமேன்னு ஒரு வீம்பு.

போன வருஷக் கடைசியில கூட்டம் தேய ஆரம்பிச்சது. ஒரு மாசம் இருபத்திநாலு பேர், அடுத்தது பத்தொன்பது, அதுக்கப்புறம் பதினேழு. நூலகர் அண்ணன்கிட்ட நேரடியாவே சொல்லிட்டாரு.

"கராத்தே வகுப்புக்காரங்க ஹாலைக் கேக்கறாங்க. அடுத்த மாசம் பலகை முன்னாடி நாற்பது தலை இருக்கணும். நானே வந்து எண்ணுவேன். நடத்தற உங்களைச் சேர்க்க மாட்டேன், எங்க வாட்ச்மேனை உட்கார வெச்சாலும் சேர்க்க மாட்டேன்."

அண்ணன் முகம் செத்துப் போச்சு. அந்த ஹாலை விட்டா அவனுக்கு வேற போக்கிடம் இல்ல. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. மூணாவது நாள் நேராப் போய் மாஸ்டர் கால்ல விழுந்துட்டான். கால்லன்னா நெசமா இல்ல, அப்படி ஒரு குழைவு.

மாஸ்டர்ங்கிறது பேக்கரி மாடியில செஸ் வகுப்பு நடத்தறவரு. பட்டம் ஒண்ணும் கிடையாது, அவரே வெச்சுக்கிட்ட பேர். இருபது பிள்ளைங்க அவர்கிட்ட படிக்குது. "கூட்டிட்டு வர்றேன், அதுக்கென்ன. நானும் ஆடுவேன். பெத்தவங்க எல்லாம் பாக்க வருவாங்க. அவங்க முன்னாடி என் மானம் போகாமப் பாத்துக்கணும்"னு சொல்லியிருக்காரு. அண்ணன் இதை வீட்ல சொல்றப்ப கடைசி வரியை மட்டும் முழுங்கிட்டான். பின்னாலதான் எனக்குத் தெரிஞ்சது.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பிள்ளைங்க, பெத்தவங்க, மாஸ்டர், எப்பவும் வர்ற பழைய ஆளுங்க. மருந்துக்கடைக்காரரும் வந்தாரு. பதினோரு வருஷத்துல ஒரு மாசம் தவறாத ஒரே ஆள் அவர்தான், எங்க ஹால்லயே பலமான ஆட்டம் அவரோடதுதான். பாக்க வந்த பெத்தவங்களை விட்டு, ஆடறவங்க பேரை எழுதி முடிச்சு எண்ணினேன். முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பதேதான்.

அண்ணன் பட்டியலைப் பாத்தான், வாசலைப் பாத்தான், கடைசியில என்னைப் பாத்தான். "நீ உட்காருடி"ன்னான்.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கை தானாப் பேனாவை எடுத்துச்சு. "நாற்பதாவதா என் பேரை எழுதிடட்டுமா?"ன்னு கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கு? ஒப்புக்குச் சப்பாணிதானே. நடுவுல நீதானே பட்டியல் வேற போடணும்."

இதைக் கொஞ்சம் விளக்கணும். ஆள் ஒத்தைப்படையா இருந்தா ஒவ்வொரு சுற்றுலயும் ஒருத்தருக்கு ஜோடி இருக்காது. அவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி. அதையும் வரிசையில கடைசியா இருக்கிறவருக்குத்தான் கொடுக்கணும், அதுதான் விதி. எங்க ஹால்ல அவர் சும்மா விட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாமேன்னு எதிர்ல யாரையாவது உட்கார வெப்போம். அந்த ஆள் ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்கு கிடையாது, புள்ளி ஜோடி இல்லாதவருக்குத்தான். என் பேரைச் சேர்த்திருந்தா நாற்பது, இரட்டைப்படை, சும்மா கொடுக்கிற புள்ளிக்கே வேலை இல்ல. ஏன் சேர்க்கலன்னு அப்ப எனக்குத் தோணல. பலகை முன்னாடி உட்கார்ந்த சந்தோஷத்துல புத்தி மழுங்கிப் போச்சு.

நூலகர் வந்து ஒவ்வொரு தலையா விரலை நீட்டி எண்ணினாரு. என்னையும் எண்ணினாரு. "நாற்பது. சரி, ஹால் உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டு இறங்கிப் போனாரு. அண்ணன் என் தோளை ஒரு தட்டுத் தட்டினான். பதிமூணு வயசுக்கப்புறம் அவன் என்னை அப்படித் தட்டினதே இல்ல.

முதல் மூணு சுற்றும் எனக்கு வந்தவங்க புதுசு. மூணு பேரையும் ஜெயிச்சேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மேசையில உட்கார்ந்து, தோத்தவங்க பேருக்கு நேரா ஒண்ணுன்னு என் கையாலேயே எழுதினேன். அதுவரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

நாலாவதுதான் கடைசிச் சுற்று. மாஸ்டருக்கு மூணு புள்ளி, மருந்துக்கடைக்காரருக்கு மூணு புள்ளி, மத்த யாருக்கும் அவ்வளவு இல்ல. ரெண்டு பேரும்தான் மோதணும். நான் அப்படித்தான் பட்டியல் போட்டேன். அண்ணன் பேனாவைப் பிடுங்கி அடிச்சு மாத்தினான். மருந்துக்கடைக்காரருக்கு வேற ஆள். மாஸ்டருக்கு எதிர்ல நான்.

"டேய் அண்ணா, இது கடைசியில இருக்கிறவருக்குப் போக வேண்டிய புள்ளிடா. முதல்ல இருக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பே?"

"தெரியும்டி, கத்தாத. பெத்தவங்க நிக்கறாங்க. போய் உட்காரு."

அப்பதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. என்னை உட்கார வெச்சதே இதுக்குத்தான். தலையை எண்ணறதுக்கு ஒரு ஆள், மாஸ்டர் மானத்தைக் காப்பாத்த ஒரு புள்ளி. ரெண்டும் நான்தான்.

மாஸ்டர் பெத்தவங்களோட பேசிக்கிட்டே ஆடினாரு. பலகையைப் பாக்கக்கூட இல்ல. "பாப்பா, மெதுவா யோசிச்சு ஆடும்மா"ன்னாரு. எனக்கு நாற்பத்தொரு வயசு. பதினெட்டாவது நகர்த்தல்ல என் குதிரை அவரோட ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்துல மடக்குச்சு. பேச்சு நின்னுச்சு. யானை போச்சு, கொஞ்ச நேரத்துல ராணியும் போச்சு. மத்த ஆட்டம் முடிச்ச பிள்ளைங்க ஒவ்வொண்ணா வந்து எங்களைச் சுத்தி நின்னுச்சுங்க. முப்பத்தொண்ணாவது நகர்த்தல்ல செக்மேட். மெதுவாத்தான் சொன்னேன். சுத்தி நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு.

ஒரு பொண்ணோட அம்மா, "ஐயோ, மாஸ்டர் தோத்துட்டாரா?"ன்னாங்க.

மாஸ்டர் பல்லைக் காட்டினாரு. "சேச்சே, இது கணக்குல வராதுங்க. சும்மா ஜாலிக்கு."

அண்ணன் எங்கிருந்தோ ஓடி வந்தான். "ஆமாங்க ஆமாங்க, கணக்குல வராது. இவ என் தங்கச்சி, பேர் எழுதறவ."

மருந்துக்கடைக்காரர் டிரா செஞ்சு மூணரையில நின்னாரு. நான் மேசைக்குப் போய் மாஸ்டர் பேருக்கு நேரா ஒண்ணு போட்டேன். நாலுக்கு நாலு. கோப்பை, கைதட்டல், பிள்ளைங்களோட போட்டோ. மருந்துக்கடைக்காரர் பையை எடுத்துக்கிட்டு என் மேசைகிட்ட வந்தாரு. "நல்ல ஆட்டம்மா. குதிரை பிரமாதம்"னாரு. அப்புறம், "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, இனிமே நான் வரல"ன்னு சொல்லிட்டுப் படி இறங்கினாரு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் குதிச்சான். "அவரை ஏன்டி அப்படி அவமானப்படுத்தினே? கொஞ்சம் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"எதைடா விட்டுக்கொடுக்கணும்? அங்க எனக்குன்னு என்ன இருந்துச்சு? பேர் இருந்துச்சா, புள்ளி இருந்துச்சா?"

"உனக்கு உன் ஆட்டம் பெருசு, எனக்கு ஹால் பெருசு."

"பதினோரு வருஷமா உனக்கு ஹால்தான்டா பெருசு. ஆடறவங்க யாருன்னே நீ பாக்கல"ன்னேன். அண்ணி என் பக்கம் பேச வாயைத் திறந்தாங்க, அவன் முறைச்சதும் மூடிக்கிட்டாங்க.

மாஸ்டர் கோவிச்சுக்குவாருன்னு அண்ணன் மாசம் பூரா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தான். அவர் ஏன் கோவிச்சுக்கறாரு? கோப்பையோட எடுத்த போட்டோவை வகுப்பு வாசல்ல மாட்டினதும் இன்னும் பிள்ளைங்க சேர்ந்துச்சு. அடுத்த மாசப் போட்டிக்கு மொத்தத்தையும் ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஹால்ல நாற்காலி பத்தல. அண்ணன் கால் தரையிலயே படல. "எத்தனை, எத்தனை?"ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டான்.

"நாற்பத்தாறு"ன்னேன். "இன்னொண்ணு எழுதறேன். என் பேர்."

வீம்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நானே வாயைத் திறந்து கேட்டேன். அவன் சிரிச்ச முகம் மாறாமலே சொன்னான். கோவமில்ல, கேலியில்ல, நெசமாவே அவனுக்கு அது நியாயமாப் பட்டுச்சு.

"வேண்டாம்டி. நாற்பத்தாறு, ஜோடி சரியா வந்துருச்சு. நீ சேர்ந்தா ஒத்தைப்படை ஆயிடும்."