தட்டிப் பார்த்து வாங்கிய சத்தம்

அன்று அந்த மாடி ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டின் முதலாளி. அவருடைய மனைவி. அந்த அம்மாவின் தம்பி, திட்டக்குடியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். முதலாளியின் யூனிட்டில் சரக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் அம்மா ஒருவர். அப்புறம் நான், ஸ்பீக்கர் மாட்டுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்குப் பத்துப் பேர் கேட்டார்கள், பத்துப் பேரும் நான் மாட்டியது சரியில்லை என்றார்கள் என்று ஊரில் இப்போது பேச்சு. பத்தெல்லாம் இல்லை. என்னைக் கழித்தால் நாலு பேர். நாலு பேருக்கும் காது இருந்தது, தோடு போடவும் பீடி சொருகவும்.

நான் எட்டாவதோடு நின்றவன். மைக் செட்டில் ஆரம்பித்தேன். மாதா கோயில் தேருக்கும் மாரியம்மன் கூழுக்கும் குழாய் கட்டினேன். அந்தக் காலத்தில் யாரும் எண்ணிக்கை கேட்டதில்லை. சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்குமா என்று மட்டும் கேட்பார்கள். கேட்கும் என்று சொன்னால் வேலை முடிந்தது. இப்போது வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டுகிறேன். இப்போது எல்லோரும் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். சத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

எண்ணிக்கை என்றால் இதுதான். ஐந்து புள்ளி ஒன்று என்பது முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்தில் இரண்டு, தரையில் ஒரு பாஸ் பெட்டி. ஏழு புள்ளி ஒன்று என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. மூன்றாவது வகையில் பின்னால் இருக்கும் இரண்டுக்குப் பதிலாகக் கூரையில் இரண்டு. மழை பெய்தால் தலைக்கு மேல் பெய்யும், ஹெலிகாப்டர் உச்சந்தலைக்கு மேல் போகும் என்பார்கள். இவ்வளவுதான் சங்கதி. இதை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். இந்த முதலாளி அத்தனையையும் பார்ப்பார். அவர் படம் பார்த்து நான் கண்டதில்லை. படத்தை எதில் பார்ப்பது என்பதைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று வகையையும் நான் மாட்ட வேண்டும், அவர் ஒப்பிட்டுக் கேட்பார், பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்ச ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுப்பார். முன்பணம் கொடுத்துவிட்டார். பாக்கி நாற்பத்தாறாயிரம், தேர்ந்தெடுக்கிற அன்றே கையில். மூன்று வகையும் பாடக்கூடிய ஆம்ப்ளிஃபயர் என்னிடம் ஏது? பாண்டிச்சேரிக் கடையில் என் வாய்ச்சொல்லுக்கு எடுத்து வந்தேன். வாய்ச்சொல் போதாது என்று என் பைக்கின் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கி, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார் கடைக்காரர். பாக்கிப் பணம் வந்தால் புத்தகம் வரும். அன்றிலிருந்து போலீஸ் தொப்பி தெரிகிற முக்கிலெல்லாம் பைக்கைத் திருப்பினேன். ஜங்ஷன் ரோட்டில் போக வேண்டிய வேலைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் பயம் எவ்வளவு தூரம் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஹாலைச் சொல்ல வேண்டும். நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பளபளவென்று டைல்ஸ். பீங்கான்காரன் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பா அடிப்பது என்று கேட்டாராம் கொத்தனாரிடம். உள்ளே நின்று ஒரு முறை தும்மினால் தும்மல் நாலு தடவை திரும்பி வந்து நலம் விசாரிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஐந்தும் ஏழும் என்ன, ஐம்பது வைத்தாலும் கக்கூஸில் பாடுகிற மாதிரிதான் இருக்கும். பயந்து பயந்து சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார். என் வேலை கெட்டால் பணம் வராதே என்ற கவலையில், என் கைக்காசு ஏழாயிரத்து ஐந்நூறு போட்டுக் கனத்த திரைத்துணியும் கார்ப்பெட்டும் வாங்கி வந்து சுவரையும் தரையையும் மூடினேன். யாரும் கேட்கவில்லை. பயந்தவன் கேட்காமலேயே செலவு செய்வான்.

ஒப்பிடும் நாள் வந்தது. ஸ்க்ரூ இளகி, கூரை ஸ்பீக்கர் யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. முதலாளியின் மனைவியிடம், அக்கா, அதுக்கு நேர் கீழே மட்டும் உட்காராதீங்க என்றேன். அதுவரை எங்கே உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், சரியாக அங்கேயே போய் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிமெண்ட் கடைக்காரர் பென் டிரைவில் ஒரு படம் கொண்டு வந்திருந்தார். எங்கேயோ இலவசமாக இறக்கியது. அதில் இருப்பது வெறும் ரெண்டு சானல் சத்தம், அதை எத்தனை ஸ்பீக்கரில் விட்டாலும் ரெண்டுதான், நல்ல டிஸ்க் ஒன்று நான் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மாமாவிடம் சொன்னார், ஏழாகப் பிரிக்கத்தானே மிஷின் வாங்கியிருக்கிறோம் என்று. மாமா தலையாட்டினார். பாலில் தண்ணீர் ஊற்றி அளவு கூட்டுகிறவனிடம்கூட இவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டார்கள்.

ஒரே மழைக் காட்சியை மூன்று முறை ஓட்டினேன். ஐந்தில் ஓட்டியபோது, மழை முன்னால் மட்டும்தான் பெய்கிறது என்றார் சிமெண்ட் கடைக்காரர். ஏழு என்று ஆம்ப்ளிஃபயரில் எழுத்து மாறியதைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், முதுகு சில்லென்று இருப்பதாகச் சொன்னார். பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது மழையே அல்ல, முன்னால் வந்ததன் நிழல். ஆனால் எழுத்து ஏழு என்றதால் முதுகு நனைந்துவிட்டது. மூன்றாவது முறை கூரையில் சத்தம் வந்ததும் முதலாளியின் மனைவி எழுந்துவிட்டார்.

"ஏங்க, மேல டேங்கு நெறைஞ்சி வழியுது பாருங்க."

அன்றைக்கு அந்த ஹாலில் காதால் கேட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கில் எடுக்கப்பட வேண்டியவர், சரக்குத் தட்டும் அம்மா, ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

பீங்கான் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. மொத்தென்று விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், ஓரமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த அம்மா பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே தட்டித் தட்டிப் பிரிப்பார், தப்பாது. நல்ல காதுதான், ஃபியூஸ் கட்டைக்கு. முதலாளி அதை ஸ்பீக்கருக்கும் கூட்டி வந்துவிட்டார். வயிற்றுவலிக்கு மாட்டு டாக்டரைக் கூப்பிட்டது போல.

"என்னாம்மா, மூணுல எது தேறும்?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் தேறாதுங்க மொதலாளி. மூணுலயும் விரிசல் இருக்குது. மொத்து மொத்துனு வுழுவுது."

எழுந்து போய் என் திரைத்துணியை ஒதுக்கி, விரலை மடக்கி டைல்ஸைத் தட்டினார். அது டங்கென்றது. "இது எப்பிடிப் பேசுது பாருங்க. இதப் போயி துணியப் போட்டு மூடி வச்சிகினு இருக்கீங்க."

 நாற்பத்தாறாயிரம் என்னைப் பேசச் சொன்னது. "அண்ணே, சொவுத்துல பட்டுத் திரும்பற சத்தம் அடங்கத்தாண்ணே அந்தத் துணி."

"சத்தம் அடங்கறதுக்கா நாங்க ஸ்பீக்கரு வாங்கறோம்?" என்றார் சிமெண்ட் கடைக்காரர். "அதுக்கு நீ வாய மூடினாலே போதுமேய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பணம் வர வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. துணியை நானே கழற்றினேன், கார்ப்பெட்டை நானே சுருட்டினேன். மழையை மூன்று வகையிலும் மறுபடி விட்டேன். ஒரு மூட்டை கரண்டியைக் கிணற்றுக்குள் கொட்டியது போல ஒரு சத்தம். சுவருக்குச் சுவர் முட்டி, என் பல் கூசியது. அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இதான் தியேட்டர் என்றார் முதலாளி. விரிசல் போய்விட்டது என்றார் அந்த அம்மா. மழை நின்று கதாநாயகன் ஏதோ பேசினான். என்ன சொன்னான் என்று முதலாளியின் மனைவி கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது ஒருவருக்கும் குறையாகவும் படவில்லை. மூன்றில் அதிக நேரம் கணகணத்தது கூரை ஸ்பீக்கர் வகை. அதுவே நல்ல சரக்கு என்று தீர்ப்பானது. அந்த அம்மாவுக்கு அரை நாள் கூலியை முதலாளி அங்கேயே எண்ணிக் கொடுத்தார். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் இறங்கிப் போனார்.

தீர்ப்பு எப்படியோ போகட்டும், தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆர்.சி. புத்தகம் வந்துவிடும் என்று நின்றேன். வேண்டாமென்று ஒதுக்கிய முதுகுப் பக்கத்து ஸ்பீக்கர் இரண்டுக்கு ஆறாயிரம் கழித்தார். நியாயம். மிச்சம் நாற்பதாயிரத்தில் பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கையில் வைத்துவிட்டு பர்ஸை மடித்தார்.

"அண்ணே, பாக்கி?"

"சரக்கு எறக்குன அன்னிக்கே எவன் தம்பி முழுப்பணம் குடுக்கறான்? எனக்கு வடக்க இருந்து எவனாவது குடுக்கறானா? பொட்டிய ஒண்ணொண்ணா பிரிச்சி, தட்டிப் பாத்து, ஒடைசல் கழிச்சிதான் அனுப்பறான். நானும் தட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"எதத் தட்டறதுண்ணே?"

"படம் பாக்கறதுதான் தட்டறது. ஒண்ணொண்ணா பாக்கறேன்."

பீங்கான் தொழிலில் அது உண்மையான வழக்கம்தான். போகிற வழியில் லாரி குலுங்கி எத்தனை உடையும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பணத்தைப் பிடித்து வைப்பார்கள். என் ஸ்பீக்கர் எந்த லாரியிலும் ஏறவில்லை, சுவரில் மாட்டியபடி இருக்கிறது.  கூரையைப் பார்த்தேன், ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். பணம் என்று போனேன். எந்தப் படத்திலும் பேச்சு புரியவில்லையாம். ஆகவே பேச்சில் விரிசல், ஆகவே உடைசல். துணியைத் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும் என்றேன். துணி எங்கே? யூனிட்டில் இன்னும் சுடாத ஈர ஃபியூஸ் கட்டைகள் வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க அவற்றின் மேல் போர்த்தியிருக்கிறார்கள். கார்ப்பெட்டில் அந்த அம்மா உட்கார்ந்து சரக்குத் தட்டுகிறார். என்னைப் பார்த்ததும், ஒக்கார நல்லா இருக்குது தம்பி என்றார். அதற்கும் சிரித்துவிட்டு வந்தேன்.

முதலாளி இன்னும் ஒவ்வொரு படமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். படம் வருவது நிற்கப் போவதில்லை. ஆர்.சி. புத்தகம் பாண்டிச்சேரி டிராயரில் இருக்கிறது, நான் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறேன். உடைசல் போக அவர் கணக்கு என்னவென்று அவர் சொல்லவில்லை. துணியையும் கார்ப்பெட்டையும் சேர்த்து என் கணக்கில் வர வேண்டியது முப்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.