ஜி2 கணக்குக்குச் சம்மதமா?

டானியலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக வேலை. யாருடைய எந்தக் கண்ணுக்கு எத்தனை டிகிரி பவர் என்பதில் ஒரு பிசகு வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள், யாராவது பள்ளிக்கூடம் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். மகள் கேட்லினின் பள்ளி விவகாரம் முழுவதையும் கணவர் இருதயராஜ் தலையில் கட்டியிருந்தாள். இந்த வாரம் பார்த்து மனிதர் வேலையாக இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போய்விட்டார். கைபேசிக்கு வந்த பள்ளியின் தகவலை இவள்தான் திறக்க வேண்டியதாயிற்று.

வந்ததோ நல்ல சேதி. உயர்நிலைப் பள்ளியில் முதல் வருஷம் படிக்கும் கேட்லின் கணக்கை ஜி1 என்ற எளிய நிலையில் நன்றாகச் செய்கிறாள், அடுத்த வருஷம் ஒரு படி மேலே, ஜி2 நிலையில் படிக்கலாம், பெற்றோருக்குச் சம்மதமா? வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். வேறொரு தாய் கடை முழுக்க லட்டு கொடுத்திருப்பாள். இவள் வீடிருக்கும் மார்சிலிங்குக்குப் போகும் ரயிலில் நின்றபடியே 'சம்மதமில்லை' என்பதை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளைச் சும்மா திட்டிவிட்டுப் போகவும் முடியாது. அவள் காலத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளைக் கூறு போட்டார்கள். கடைசிக் கூறு நார்மல் டெக்னிக்கல். அவரவர் வேகத்தில் படிக்கட்டும், யாரும் பாதியில் நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். படிப்பை விட்டவர்கள் குறைந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேன்டீனில் அதற்குப் பேர் மக்கு வகுப்பு. அங்கே இருந்த டானியலா நல்ல மார்க் வாங்கியதால் மேல் பிரிவுக்கு மாற்றினார்கள். அரை வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பழைய வகுப்புக்கு வந்தபோது நாற்பது பேரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள், பாவிகள். அந்தச் சத்தம் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது. மகளிடம் இதைப் பற்றி அவள் மூச்சுவிட்டதில்லை.

இப்போது அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வகுப்பு. பாடத்துக்குப் பாடம்தான் நிலை வேறு. செய்தியிலும் பார்த்தாள். பேரை மாற்றிவிட்டால் ஆயிற்றா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கணக்காசிரியர் ரத்னவேல், அம்மா ஏன் மறுத்தார் என்று கேட்லினிடம் விசாரித்துவிட்டார். நாலு மணிக்கெல்லாம் அவள் சீருடையோடு கடைக்கு வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். டானியலா, துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, முப்பது வருஷமாக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள்.

"மேல போயி நீ விழுந்துட்டா எல்லாரும் சிரிப்பாங்கடி. அது உனக்கு வேணாம்."

கேட்லின் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "நான் ஏற்கெனவே விழுந்துட்டேன்மா," என்றாள்.

ஜனவரியில் அறிவியலை ஜி2 நிலையில் எடுத்தாளாம். முடியவில்லை. ஜூன் விடுமுறைக்குப் பிறகு ஜி1க்கு வந்துவிட்டாளாம். இரண்டு தடவையும் அப்பாதான் சம்மதம் கொடுத்தாராம்.

யாரும் சிரிக்கவில்லையா என்று டானியலா கேட்டாள்.

"யாரு கவனிச்சா? சேம் கிளாஸ், சேம் ஃபிரெண்ட்ஸ் லா. சயின்ஸுக்கு மட்டும் வேற ரூமுக்குப் போறேன், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களப் பாத்துதாம்மா எனக்கும் அப்பாவுக்கும் பயம்."

கடையில் யாரோ விலை கேட்டார்கள். டானியலாவின் காதில் விழவில்லை. ஆறு மாதம் பிள்ளை திணறியிருக்கிறாள், தோற்றிருக்கிறாள், எழுந்தும் விட்டாள். பெற்றவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். கைபேசியை எடுத்துப் பதிலைச் 'சம்மதம்' என்று மாற்றினாள். கணக்கில் கேட்லின் விழுவாளோ என்ற பயம் அப்படியே இருந்தது. விழுந்தால் இந்தத் தடவையாவது தன்னிடம் சொல்வாளா என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.