அன்றைய சட்டப்படி முதலிடம்

கட்டம் போட்ட தாள்களை அண்ணா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ட்ருகனினா என்ற புறநகரில் நாங்கள் வேலை செய்த கிடங்கின் சாப்பாட்டு அறையில், தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவற்றை விரிப்பார். அமெரிக்காவில் பேஸ்பால் சம்பள ஆட்டமாக மாறிய தொடக்க ஆண்டுகளில் அதிகம் அடித்தவர்களின் பட்டியல் அது. பழைய பத்திரிகைகளின் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கி, ஒவ்வோர் ஆட்டமாக எண்ணி, இரண்டு குளிர்காலங்களில் எழுதியது.

அண்ணா யாழ்ப்பாணத்தவர், கிடங்கில் சரக்கு எண்ணுபவர். நான் மதுரைக்காரி, அவர் எண்ணியதைச் சேமிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவள். அவர் அகதியாகப் படகில் வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் இருந்த ஆண்டுகளில், வீட்டருகே இருந்த மைதானத்தில் சம்பளமில்லாமல் ஸ்கோர் எழுதியிருக்கிறார். பேஸ்பால் அப்படித்தான் அவருக்குப் பழக்கமானது. அவருடைய பட்டியலை இணையத்தில் போடலாம் என்று சொன்னது நான். முழுவதையும் தட்டச்சு செய்து முடித்த அன்று, "சிஸ்டத்துல இருக்குண்ணா, தாள் எதுக்கு?" என்று சொன்னதும் நான்தான். அவர் தாள்களைக் குப்பையில் போட்டார்.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு பருவத்தில் விநோதமான சட்டம் இருந்தது. பந்து வீசுபவர் தவறாக வீசியதால் ஆட்டக்காரர் அடிக்காமலே மைதானத்தின் முதல் தளத்துக்கு நடந்து போனாலும், அதை ஓர் அடியாக எண்ணினார்கள். எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பருவத்தில் நடந்து போனவற்றைக் கழித்தேன். இனித் தேவையில்லை என்று அவற்றைக் குறித்திருந்த நெடுவரிசையையே அழித்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை.

முதலிடத்தில் இருந்த தனக்குப் பிடித்த ஆட்டக்காரரைப் புதிய பட்டியலில் காணாமல் அண்ணா கேட்டார்: "எங்க, தங்கச்சி, என்ட ஆள்? மேலயெல்லோ நிண்டவன்?"

"ஒரே கணக்குல போட்டா அவர் கீழதான் வர்றாருண்ணா. நடந்து போனதை எப்படி அடின்னு சொல்றது?"

"அவன் களவா நடந்தவன்? அந்த வருஷம் அதுதானே சட்டம். அதை நம்பித்தானே பொறுத்து நிண்டவன். இந்தியாக்காரர் நீங்கள் எல்லாத்தையும் கம்ப்யூட்டரில போட்டு அரைச்சுப்போடுவியள்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வந்த நேரம் ஒரு சட்டம், தங்கச்சி. என்ட கேஸ எடுத்த நேரம் வேற சட்டம்" என்றார்.

பழைய எண்களைத் திரும்பப் போடச் சொன்னார். அழித்துவிட்டதைச் சொன்னேன். "சரி, விடுங்கோ" என்று கோப்பையைக் கழுவப் போனார்.

சில வாரங்களில் வழக்குக்காக வேலையை விட்டு சிட்னிக்குப் போய்விட்டார். அங்கே லிட்கமில் உறவினர் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் மதிய இடைவேளைகளில் அந்தப் பருவத்தைப் பத்திரிகைகளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். மெதுவான வேலை. ஒரு கட்டம் கண் தப்பினால் ஒரு மனிதனின் அடி இன்னொருவனுக்குப் போய்விடும். அவர் இதை எப்படிச் செய்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் முடித்தேன். இப்போது பட்டியலில் இரண்டு நெடுவரிசைகள்: இன்றைய சட்டம், அன்றைய சட்டம். இரண்டாவதில் அவருடைய ஆள் முதலிடத்தில் இருக்கிறார். அதைப் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பி, கேஸ் என்னாச்சு என்றும் கேட்டிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. "ஓம், பாத்தனான். நாலாவது ஆளுக்கு ஒரு அடி குறையுது. திரும்ப எண்ணிப் பாருங்கோ."

கேஸ் பற்றி ஒன்றும் இல்லை. பத்திரிகைகளைத் திறந்து முதல் ஆட்டத்திலிருந்து எண்ணினேன். ஒன்று குறைவாகத்தான் போட்டிருந்தேன்.