கார்மோர் தொகுதியின் கனம் உறுப்பினருக்கு

மிளகாய் பொரித்த காரம் குசினியை விட்டுப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், நார்த்மீட்டில் எங்கள் வாடகை வீட்டு மேசையைச் சுற்றி அம்மா இருந்தார், அப்பா இருந்தார், பேனையோடு நான் இருந்தேன். யாருக்காகக் கூடியிருந்தோமோ அந்தச் செல்வம் மாமா மட்டும் இல்லை. அம்மாவின் ஒரே தம்பியான அவர், எங்களிலிருந்து உலகத்தின் மறுகோடியில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு மாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் தட்டில் இருந்துகொண்டு, தன் அகதி வழக்குக்கு ஒரு முடிவு வருமென்று வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்கு இறங்கியவர்; அம்மா அதுவும் இல்லை. ஆகவே பதினொரு வயதிலிருந்தே மாமாவுக்கான ஆங்கிலக் கடிதங்கள் என் கையால்தான் போயின. அவர் குடியிருந்த தெரு கார்மோர் என்ற பாராளுமன்றத் தொகுதிக்குள் வந்தது. அந்தத் தொகுதி உறுப்பினர் அமைச்சருக்கு ஒரு வரி எழுதினால் வழக்கு நின்று நிதானமாகப் போகும் என்று மாமாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லியிருந்தார். எழுதினோம், பதில் வந்தது. மூன்று வருடத்தில் மூன்று கடிதம், மூன்று பதில். மூன்று முறையும் மாமாவைத் திருப்பி அனுப்பும் பேச்சு நின்றது.

அந்த நாள்களில் கார்மோர் எங்களுக்கு ஒரு சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. பள்ளி நூலகத்திலிருந்து அதன் கதையை வாசித்துவந்து நான் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவேன்: கப்பல் கட்டும் தளங்களைச் சுற்றி உருவான தொகுதி, தளங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட, சனம் கலைய, பக்கத்துத் தொகுதிகளின் தெருக்களை எடுத்து ஒட்டி ஒட்டி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "கப்பல் கட்டின சனமெண்டா கடலிலை நிக்கிறவன்ரை பாடு தெரியும். கைவிடமாட்டினம்" என்பார்.

அம்மாவுக்கு வேறொரு நம்பிக்கை இருந்தது. ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் இருந்து மனு எழுதுகிறவரிடம் அவர் பலமுறை போய் நின்றவர். அந்த மனுக்களில் பெரியவர்களின் பெயர் வராது, பதவி மட்டும்தான் வரும். அதனால் எங்கள் கடித உறையில் உறுப்பினரின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை; "கார்மோர் தொகுதியின் கனம் உறுப்பினர்" என்றே எழுதி லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். வந்த பதில்களின் அடியில் அவருடைய பெயர் தெளிவாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

2005இல் ஸ்கொட்லாந்தின் தொகுதிகளைக் குறைத்தார்கள். அதை எங்களுக்கு மாமாதான் தொலைபேசியில் பகிடியாகச் சொன்னார்.

"மருமோன், நான் வீட்டை விட்டு அசையேல்லை. தொகுதிதான் என்னை விட்டிட்டுப் போட்டுது. கார்மோர் இனி இல்லையாம்."

"அப்ப இப்ப நீங்கள் எந்தத் தொகுதி, மாமா?"

"ஆர் கண்டது. வீட்டுக்காரருக்கு வந்த வாக்கு அட்டையிலை ஏதோ நீட்டுப் பேர் கிடந்தது. எங்கடை தெருவை நடுவாலை பிளந்து, இந்தக் கரை ஒண்டு, அந்தக் கரை ஒண்டாம். எதிர்வீட்டுக் கிழவி இப்ப எனக்கு வெளிநாட்டுக்காரி!"

அம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பழைய உறுப்பினரே புதுத் தொகுதியிலும் வென்றார் என்று கேட்டதும் அந்த யோசனையையே விட்டுவிட்டோம்.

சில வாரங்களில், வழமைபோல் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் மாமாவை மறித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி இருந்தோம். கடிதத்தை எழுதி முடித்து உறையை எடுத்தபோது எனக்குக் கை ஓடவில்லை.

"அம்மா, கார்மோர் இல்லையெல்லே. அந்த உறுப்பினரின்ரை பேரை எழுதட்டே?"

"என்ன கதை கதைக்கிறாய்? பிச்சை கேட்டுப் போற இடத்திலை, வாசல்லை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறதே?"

"இல்லையம்மா, இங்கை எல்லாரும்..."

"இங்கத்தை பிள்ளையள் வாத்தியாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுதுகள். மூண்டு முறையும் எப்பிடி எழுதினியோ அப்பிடியே எழுது. ஆள் அதே ஆள்தானே."

அப்பாவைப் பார்த்தேன். அவர் முத்திரைக்கு எச்சில் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதினான்கு வயது, தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே, அழகான எழுத்தில், இல்லாத ஒரு தொகுதியின் பெயரை எழுதினேன்.

மாமாவை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிய பிறகுதான் அந்த உறை பிரிக்கப்படாமல் எங்கள் தபால்பெட்டிக்குத் திரும்பி வந்தது. அப்படி ஒரு தொகுதி இல்லை என்று யாரோ அதன் மேல் நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன். அம்மா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாத அவர் அதில் எதைத் தேடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன்பின் அவர் எந்தக் கடிதமும் எழுதச் சொல்லவில்லை. மாமா கொழும்பிலிருந்து வன்னிக்குப் போனார். இடைக்கிடை கதைத்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகம் போகத் தொடங்கினேன். அங்கே நூலகத்தில் கார்மோரை மறுபடி தேடினேன். ஒரு பக்கத்துக்குள் முழு வரலாறும் அடங்கிவிட்டது: உருவானது, விரிந்தது, சுருங்கியது, நீக்கப்பட்டது. உறுப்பினர் பட்டியலின் கடைசி வரியில் அவருடைய பெயர். பக்கத்தைப் புரட்டினேன், புதுத் தொகுதியின் முதல் வரியிலும் அதே பெயர். அவர் ஓர் இடமும் போகவில்லை. ஒரு பக்கம் தள்ளி இருந்தார், அவ்வளவுதான். மாமா இருந்த மாடிக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்களாம். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கார்மோர் என்றால் பழைய ஆட்களுக்குத்தான் விளங்கும். செல்வம் என்றால் ஒருவருக்கும் விளங்காது.

இரயிலில் வீடு திரும்பும்போது மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். கடிதத்தை நாங்கள் பெட்டியில் போட்ட நாளுக்கும் மாமாவை ஏற்றிய நாளுக்கும் இடையில் பதினேழு நாள். ஒரு கடிதம் இங்கிருந்து லண்டன் போய்ச்சேர ஆறு நாள். உறையில் அந்த மனிதரின் பெயர் இருந்திருந்தால் அமைச்சருக்கு ஒரு வரி எழுத அவருக்கு மிச்சம் இருந்திருக்கும், பதினொரு நாள்.